மாணவர் கையில் ஓர் இதழ்

1959-இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் சர்வதேசச் சட்ட மன்ற மாணவர்கள் ஒரு மடல் வெளியிட்டார்கள். மன்றத்தின் பெயரையே தாங்கிய அந்த மடல் மெல்ல ஆய்விதழாகி, 1967-இல் ‘ஹார்வர்டு இன்டர்நேஷனல் லா ஜர்னல்’ ஆனது.

பிற துறைகளில் ஒரு கட்டுரை அச்சேறப் பேராசிரியர்களின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்கச் சட்ட இதழ்கள் பெரும்பாலானவற்றில் அந்த முடிவு மாணவர்களுடையது. கட்டுரையை ஏற்ற பிறகுதான் உழைப்பே தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான அடிக்குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் மூல நூலைத் தேடி எடுத்து, சொன்ன பக்கத்தில் சொன்ன வரி இருக்கிறதா, கட்டுரையாளர் ஏற்றும் பொருளை அது தாங்குமா என்று பார்க்க வேண்டும். பழைய உடன்படிக்கை ஒன்றின் பிரிவு எண்ணைச் சரிபார்ப்பதற்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். இதை எடுபிடி வேலை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நாடுகளின் உரிமையைப் பேசும் எழுத்தில் ஒரு மேற்கோள் பிசகினாலும் வாதம் ஆட்டம் கண்டுவிடும்.

படிக்க வந்தவர்கள் அறிஞர்களை எடைபோடுவதா என்ற குறை நெடுநாளாக உண்டு. அதற்கு இந்த இதழின் பக்கங்களிலேயே பதில் இருக்கிறது. நவுரு என்ற சின்னஞ்சிறு பசிபிக் தீவின் பாஸ்பேட்டை ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து பல பத்தாண்டுகள் சுரண்டி, நிலத்தைப் பாழாக்கின. அதை விசாரிக்க நவுரு அமைத்த குழுவுக்குத் தலைவர் இலங்கைச் சட்ட அறிஞர் வீரமந்திரி. குழுவில் ஆய்வு உதவியாளராக இருந்தவர் இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட ஆன்டனி ஆங்கி. நவுரு 1989-இல் சர்வதேச நீதிமன்றம் போனது, 1993-இல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு வழக்கு சமரசமானது. அதே ஆண்டு ஆங்கி நவுருவைப் பற்றி எழுதிய கட்டுரையை வெளியிட்டது இந்த மாணவர் இதழ்தான்.

1999-இல் அவர் இதே இதழில் இன்னும் ஆழமாகத் தோண்டினார். இறையாண்மை ஐரோப்பாவில் விளைந்து, பிறகு மற்றவர்களுக்குக் கிடைத்தது என்பதுதான் பாடப்புத்தகக் கதை. அந்தக் கோட்பாடு உருவானதே காலனிய மோதலில், ‘நாகரிகமுள்ளவர், இல்லாதவர்’ என்று மக்களைப் பிரித்த பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டவியலில் என்று அவர் நிறுவினார். ஒரு துறையின் அடித்தளத்தையே கேள்வி கேட்ட அந்தக் கட்டுரைக்கு மாணவ ஆசிரியர்கள் தாராளமாக இடம் தந்தார்கள். அது எனக்குப் பெருமையாகவே படுகிறது. 2005-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அவருடைய நூலில் அது ஓர் அத்தியாயமானது. மூன்றாம் உலக நோக்கில் சர்வதேசச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் அந்த நூலிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள்.