பழவினையும் இன்றைய விரதமும்: மலையகத் தோட்டங்களின் வழிபாட்டு மரபு

முன்செய்த வினைக்கேற்ப உயிர் மீண்டும் பிறக்கிறது என்னும் கொள்கை தமிழர் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. கற்றோர்க்கு அது தத்துவம். துன்பத்துள் உழல்வோர்க்கோ தம் நிலைக்குக் கூறப்படும் காரணம். இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் 'தலைவிதி', 'தலையெழுத்து' என்னும் சொற்கள் லயன் அறைகளில் நாள்தோறும் வழங்கியவை. இவற்றைக் கொண்டு, பக்தியே மலையக மக்களை அடங்கியிருக்கப் பழக்கியது என உரைப்பாருமுளர். அம்மக்களின் வழிபாட்டையும் கூத்தையும் நுணுகி நோக்கின், இக்கூற்று ஒருபுடை உண்மையே என்பது புலனாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்து திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய பகுதிகளின் மக்கள் கங்காணிமார் வழியே கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் கோப்பியைப் பற்றிய இலைநோய் அப்பயிரை அழிக்கவே, அற்றன், நுவரெலியா மலைகளில் தேயிலை பரவியது. வந்தோர் கொணர்ந்த உடைமை சிறிது. ஆனால் மாரியம்மன், முனியாண்டி, மாடசாமி முதலிய தெய்வங்களும், காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துகளும் அவர்களுடன் மலையேறின.

இவற்றுள் பொன்னர் சங்கர் கதை முற்பிறப்புப் பற்றியதாகவும் அமைகிறது. பாண்டவரே பொன்னராகவும் சங்கராகவும் மீண்டும் பிறந்தனர் என்பது அக்கதையின் வழக்குகளுள் ஒன்று. அவர்தம் தாய் தாமரை, சிவனை நோக்கிக் கடுந்தவம் இயற்றியே அம்மக்களைப் பெறுகிறாள். இங்கு முற்பிறப்பு தீர்க்கவேண்டிய கடனாகக் கூறப்படவில்லை. வீரத்தின் ஊற்றாகவே கூறப்படுகிறது. கூலி எனப் பெயரிடப்பட்ட மக்கள், தம் கூத்துக் களத்தில், முற்பிறப்பிலேயே பெருமை வாய்ந்த வீரரைப் பாடினர் என்பது கருதற்பாலது.

காமன் கூத்து மற்றொரு வகையில் இவ்விடயத்தைத் தொடுகிறது. மாசி மாத வளர்பிறையில் காமன் ஊன்றப்படும். முழுநிலாவை ஒட்டிக் காமதகனம் நிகழும். பின்னர் இரதியின் வேண்டுகோளுக்கு இரங்கிக் காமன் எழுப்பப்படுவான். இறந்தோன் மீள்வதைக் காட்டும் இக்கூத்தில் வேடம் புனைவோர் காப்புக் கட்டி விரதம் காப்பர். அந்நாள்களில் உண்பதும் உறங்குவதும் பேசுவதும் அளவறிந்தே நிகழும். முன்னாளில் விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பு. காமன் ஆடலுக்கு முழங்குவதும் தப்பு. ஒரே பறை பகலில் துரையின் நேரத்தையும் இரவில் தெய்வத்தின் நேரத்தையும் அறிவித்தது. விரதம் ஏற்றவனுக்கு இரண்டாவது நேரம் தனக்கே உரியதாயிற்று.

மாரியம்மன் திருவிழாக்களில் நிகழும் தீமிதிப்பும் இத்தகையதே. தணலின்மேல் அடிவைப்போன் நேற்றையும் நாளையையும் எண்ணி நிற்பதற்கில்லை. அவன் உள்ளமும் உடலும் அக்கணத்திலேயே ஒருங்கு குவிகின்றன.

இதற்கும் வினைக்கொள்கைக்கும் முரணில்லை. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கும். முன்னர் ஈட்டிய தொகுதி சஞ்சிதம். அதனுள் இப்பிறவியில் நுகர்ச்சிக்கு வருவது பிராரத்தம். நுகரும்போதே புதிதாய் ஈட்டப்படுவது ஆகாமியம். ஆகவே முன்னது எதுவாயினும், இன்றைய செயல் இன்றுதான் செய்யப்படுகிறது. இறைவனோடு ஒன்றி நின்று, தன் செயலை இறைபணியாகக் கொள்ளும் உயிரை வினை பற்றாதென்பது பதின்மூன்றாம் நூற்றாண்டின் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்துப் பத்தாம் சூத்திரத்தின் கருத்து. நூலறியாத் தொழிலாளியும் காப்புக் கட்டிய நாள்களில் இதனைத் தன் உடலாற் பயின்றான் எனலாம்.

அடங்கியிருத்தலே இம்மரபின் முடிவாயின், பின்னைய வரலாறு வேறாக இருந்திருக்கும். 1931 இல் கோ. நடேசய்யர் அற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தபோது அதிற் சேர்ந்தோர் தலையெழுத்தை நம்பியோரே. 1940 சனவரியில் முல்லோயாப் போராட்டத்திற் காவலர் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனும் இச்சமூகத்தினனே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. அவ்விடர் முற்றும் நீங்கச் சட்டவழி வகுக்கப்பட்டது 2003 இலேயே. அத்துயருக்கு ஆண்டு உண்டு, இலக்கம் உண்டு, இயற்றிய அவையும் உண்டு. அதனை முற்பிறப்பின்மேற் சுமத்துதல் வரலாற்றுக்கும் பொருந்தாது, சித்தாந்தத்துக்கும் பொருந்தாது.

விதி என்று சொல்லி ஆறுதல் கொண்ட அதே மக்கள், விரதம் ஏற்றுத் தம் பொழுதைத் தாமே ஆளவும் அறிந்திருந்தனர். மலையகத்தின் பக்தி வரலாற்றை எழுதுவோர், வாயாற் கூறிய சொல்லோடு காப்புக் கட்டிய கையையும் நோக்குதல் வேண்டும்.