ஹன்னாவுக்குப் பன்னிரண்டு ஆண்டு, நமக்குப் பதினொரு மாதம்

ஜெர்மனியின் கல்வி, ஆராய்ச்சி அமைச்சகம் 2018-இல் ஒரு சிறிய அசைபடம் தயாரித்தது. அதன் நாயகி ஹன்னா. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் உயிரியலாளர். அவருக்கு ஏன் நிரந்தர வேலை கிடையாது என்பதைப் படம் சிரித்த முகத்தோடு விளக்கியது. ஒரே தலைமுறை எல்லா இடங்களையும் அடைத்துக்கொண்டால் பின்னால் வருகிறவர்களுக்கு வழியில்லாமல் போகும். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால்தான் புதுமை பிறக்கும். படம் சொன்ன காரணம் இவ்வளவுதான்.

மூன்று ஆண்டுகள் அது பெரிய பேச்சாகவில்லை. 2021 ஜூனில் அம்ரை பார், கிறிஸ்டின் ஐஷ்ஹோர்ன், செபாஸ்டியன் கூபோன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ‘நான்தான் ஹன்னா’ என்று எழுதத் தொடங்கினார்கள். அதன்பின் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வயதையும் அதுவரை கையெழுத்திட்ட ஒப்பந்தங்களின் கணக்கையும் சேர்த்து அதையே எழுதினார்கள். விவகாரம் நாடாளுமன்றம்வரை போயிற்று. அமைச்சகம் படத்தைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது.

ஹன்னாவுக்குத் தமிழ்நாட்டில் ஓர் உறவுக்காரர் உண்டு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி இருக்கிறார்கள். நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேறியவர்கள், முனைவர் பட்டம் முடித்தவர்கள், இரண்டும் உள்ளவர்கள். பலர் பத்தாண்டுகளைக் கடந்துவிட்டார்கள். இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இருவரின் வறுமையும் ஒன்றல்ல. ஹன்னாவின் சம்பளம் பொதுத்துறைக்கான ஊதிய உடன்படிக்கைப்படி வருவது. மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பிடித்தமும் அதில் அடக்கம். நம்மவருக்கு அண்மை ஆண்டுகளில் கிடைப்பது மாதம் 25,000 ரூபாய் மதிப்பூதியம். ஆகவே பணத்தை வைத்து இருவரையும் சமமாக்க முடியாது. ஒப்பிடத் தகுந்தது வேறொன்று: நிரந்தரமான வேலையைத் தற்காலிக ஆளைக் கொண்டு செய்துகொள்ளும் முறை.

வெளியே போ என்னும் சட்டம், உள்ளே வராதே என்னும் சட்டம்

ஜெர்மனியில் 2007-இல் வந்த அறிவியல் துறைக் குறித்தகால ஒப்பந்தச் சட்டம் கணக்கைத் தெளிவாகப் போட்டிருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு. மருத்துவத் துறையில் பின்னது ஒன்பது. அதற்குள் பேராசிரியர் பதவி கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணத்தில் மேற்கொண்டு ஒப்பந்தம் போட இச்சட்டத்தில் இடமில்லை. வெளியிலிருந்து திட்ட நிதி கொண்டுவந்தால் அந்தத் திட்டம் உள்ளவரை தொடரலாம். பேராசிரியருக்குக் கீழே நிரந்தர இடங்கள் மிகக் குறைவு. 2021-இல் வெளியான அரசு அறிக்கையின்படி, பேராசிரியர் அல்லாத 45 வயதுக்குட்பட்ட கல்வியாளர்களில் 92 விழுக்காட்டினர் குறித்தகால ஒப்பந்தத்தில் இருந்தார்கள். பணிபுரியும் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக உயர்வதும் பொதுவாக வழக்கமில்லை. ஆகவே நாற்பது வயதை நெருங்கும்போது குடும்பத்தோடு ஊர் மாற வேண்டும், இல்லையென்றால் துறையையே விட வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு கால வரம்பே கிடையாது. எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் பாடம் நடத்தலாம். நிரந்தரம் மட்டும் கேட்கக் கூடாது. ஆண்டுக்குப் பதினொரு மாத ஊதியம். மே மாதம் கணக்கில் வராது. ஜூனில் மறுபடி புதிதாகச் சேர்ந்தவர்போல் தொடங்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த ஆசிரியர் பணியிடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றன. 2025 ஜனவரியில் வந்த வரைவு அந்த வரம்பையே விட்டுவிட்டது.

நீதிமன்றத்துக்குப் போனால் 2006-ஆம் ஆண்டு உமாதேவி வழக்கின் தீர்ப்பு வாசலில் நிற்கும். முறையான தேர்வு வழியாக வராதவருக்கு, நெடுங்காலம் பணிபுரிந்தார் என்பதற்காகவே நிரந்தரம் தர முடியாது என்றது உச்ச நீதிமன்றம். பின்கதவு நியமனத்தைத் தடுக்க வந்த தீர்ப்பு அது. அந்த நோக்கத்தில் பிழை காண முடியாது. ஆனால் முன்கதவு எப்போது திறக்கிறது? ஆசிரியர் தேர்வு வாரியம் 2019-இல் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது, அது நிறைவேறவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவித்தது. ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு ஒத்திவைக்கப்பட்டது. முன்கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு, பின்கதவால் ஏன் வந்தாய் என்று கேட்பது நியாயமாகாது.

ஹன்னாவைச் சட்டம் வெளியே அனுப்புகிறது. கௌரவ விரிவுரையாளரை வெளியேயும் அனுப்பாமல் உள்ளேயும் விடாமல் திண்ணையில் உட்கார வைக்கிறது. எது கொடிது என்று கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. ஹன்னாவுக்குத் தன் கெடு தெரியும். கசப்போடாவது வேறு வழி தேடத் தொடங்குவார். நம்மவரைக் கட்டிப்போடுவது நம்பிக்கை. தேர்தல் வரும், வாக்குறுதி வரும், அடுத்த ஆண்டு ஆகிவிடும் என்று ஐம்பது வயதுவரை இழுத்துக்கொண்டு போகிற நம்பிக்கை.

மணிக்கணக்கும் அதற்கு வெளியே உள்ளதும்

வேலைப்பளுவைக் காகிதத்தில் பார்த்தால் இரு நாடுகளிலும் அளவாகத்தான் இருக்கும். ஜெர்மானியப் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு வாரத்துக்கு எட்டு அல்லது ஒன்பது பாடவேளை, ஒவ்வொன்றும் 45 நிமிடம். இந்தியாவில் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். மொத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாத பணி.

காகிதத்துக்கு வெளியேதான் சங்கதி இருக்கிறது. ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வாளருக்குப் பல துறைகளில் தரப்படுவது அரைப் பணியிடம் அல்லது அதற்குச் சற்று மேல்; வேலையோ முழு நாளுக்கு இருக்கும். பேராசிரியரின் கருத்தரங்கை ஏற்பாடு செய்வது, மாணவர் கட்டுரைகளைத் திருத்துவது, அடுத்த நிதிக்கான விண்ணப்பம் எழுதுவது எல்லாம் அவர் தலையில் விழும். அதே பேராசிரியர்தான் அவருடைய ஆய்வை மதிப்பிடுபவர், ஒப்பந்த நீட்டிப்புக்குச் சொல்ல வேண்டியவரும் அவரே. முடியாது என்று எப்படிச் சொல்வது?

நம் கல்லூரிகளில் உள்தேர்வு, விடைத்தாள் திருத்தம், மாணவர் சேர்க்கை, தேர்வறை மேற்பார்வை, தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வருவதற்கு முன் இரவும் பகலும் கோப்பு தயாரிப்பது என்று பட்டியல் நீளும். நிரந்தரப் பேராசிரியரும் இதில் நொந்துதான் போகிறார். ஐந்தாறு பேர் இருக்க வேண்டிய துறையை ஒருவரோ இருவரோ சுமந்தால் ஆய்வுக்கு அவருக்கும் நேரம் ஏது? ஆனால் அவர் முணுமுணுக்கலாம். கௌரவ விரிவுரையாளர் முணுமுணுக்கவும் முடியாது. ஜூனில் மறுபடி கூப்பிட வேண்டுமே.

சம்பளக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 25,000 ரூபாயைப் பதினொரு மாதத்தால் பெருக்கினால் 2,75,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் 23,000-கூட வராது. அதே வகுப்பறையில் அடுத்த பாடவேளை எடுக்கும் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம், ஏழாவது ஊதியக் குழுவின்படி, 57,700, அகவிலைப்படி தனி. பல்கலைக்கழக மானியக் குழுவே 2019-இல் கௌரவ விரிவுரையாளருக்குப் பாடவேளைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று வகுத்திருக்கிறது. வகுத்ததில் பாதிதான் கைக்கு வருகிறது.

ஆய்வு எங்கே போயிற்று?

இந்த இடத்தில் இரு நாடுகளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. ஜெர்மனியில் ஆய்வுதான் நாணயம். பேராசிரியர் பதவிக்கான தெரிவில் கட்டுரைகளும் கொண்டுவந்த நிதியும்தான் பெரிதாகப் பேசும். நன்றாகப் பாடம் நடத்தினார் என்பது அவ்வளவாக எடுபடாது. கற்பித்தலைப் பாடவேளைக் கூலிக்கு வரும் விரிவுரையாளர்கள் பலர் தாங்குகிறார்கள். பேராசிரியர் தகுதி பெற்றும் பதவி கிடைக்காத ‘பிரிவாட்டோட்சென்ட்’, அந்தத் தகுதியைக் காப்பாற்றிக்கொள்ளச் சம்பளமே இல்லாமல் பாடம் நடத்துவதும் உண்டு. புலமைக்குப் பேர்போன நாட்டில் இப்படியொரு வெட்டி வேலை சட்டப்படியே நடக்கிறது.

தமிழ்நாட்டில் கற்பித்தல்தான் வேலை; ஆய்வு சான்றிதழாகச் சுருங்கிவிட்டது. 2010 முதல் பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறை வந்தது. ‘பேப்பர் போடுவது’ அதிலிருந்து ஒரு தொழிலாகவே ஆயிற்று. பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை வெளியிடும் இதழ்கள் முளைத்தன. மானியக் குழு தான் ஏற்றுக்கொண்ட பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்கியது. 2019-இல் அதற்குப் பதிலாக ‘கேர்’ என்ற இதழ்ப் பட்டியல் வந்தது. 2025-இல் அதையும் கைவிட்டது. இந்த அலைக்கழிப்பில் மிகவும் ஏமாந்தது கௌரவ விரிவுரையாளர். எப்போதாவது வரப்போகும் நியமனத்துக்காகச் சொந்தப் பணத்தைக் கட்டிக் கட்டுரை போடுபவர் அவர். அவர் முனைவர் பட்டம் பெற்றவராக இருந்தாலும் ஆய்வு நெறியாளராக முடியாது. 2022 விதிமுறைகள் அந்த உரிமையை நிரந்தர ஆசிரியருக்கு மட்டுமே தருகின்றன.

கள ஆய்வு செய்யும் ஒரு தமிழ் விரிவுரையாளரை எண்ணிப்பாருங்கள். நாட்டார் கோயில் கொடையோ கூத்தோ பதிவு செய்ய வேண்டும். செமஸ்டர் ஓடும்போது ஊரைவிட்டு நகர முடியாது. அவருக்கு நேரம் கிடைப்பது மே மாதத்தில்தான். ஊதியம் இல்லாத மாதமும் அதுதான்.

நீண்டகால ஆய்வு என்றால் என்ன என்பதை இரு நாடுகளும் ஒருகாலத்தில் அறிந்திருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிக்கு 1913-இல் வேலை தொடங்கிற்று. அதன் ஆறு தொகுதிகளும் வெளிவந்து முடிந்தது 1936-இல். மியூனிக்கில் 1894 முதல் நடக்கும் லத்தீன் பேரகராதிப் பணி இன்றும் முடியவில்லை. மூன்றாண்டுத் திட்ட நிதியிலோ பதினொரு மாத ஆணையிலோ இத்தகைய வேலைக்கு யாரும் கைவைக்க மாட்டார்கள். ஒருவர் தொடங்கி, பாதியில் விலகி, அடுத்தவர் அடியிலிருந்து பிடிப்பதில் நாட்கள்தான் கரையும். ஹன்னா படம் புகழ்ந்த புதுமைக்கு இதுவே மறுப்பு.

இரு கதைகளும் சந்தித்துக்கொண்ட ஓர் இடம் கொலோன் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை. ஒரு பேராசிரியர் ஓய்வு பெற்றதும் துறையே மூடப்படும் என்ற நிலை அங்கே வந்தது. உலகத் தமிழர்கள் நன்கொடை திரட்டினார்கள். தமிழ்நாடு அரசும் நிதி அளித்தது. செய்ய வேண்டிய காரியம்தான். அதே அக்கறை இங்கே காலியாகக் கிடக்கும் தமிழ்ப் பேராசிரியர் இடங்களுக்கும் வர வேண்டும்.

போராடியதில் என்ன கிடைத்தது?

‘நான்தான் ஹன்னா’ இயக்கம் சட்டத் திருத்தத்தை மேசைக்குக் கொண்டுவந்தது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய காலத்தை நான்கு ஆண்டாகச் சுருக்கி, அதற்குமேல் நிரந்தர உறுதியோடு மட்டும் இரண்டு ஆண்டு தரலாம் என்று 2024-இல் வரைவு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஆளும் கூட்டணி உடைந்ததும் வரைவும் கிடப்பில் போயிற்று. பெர்லின் மாநிலம் 2021-இல் துணிந்து, முனைவர்களுக்கு நிரந்தர உறுதி தரச் சொல்லிச் சட்டம் போட்டது. அதை எதிர்த்து ஹம்போல்ட் பல்கலைக்கழகத் தலைவர் சபீன் குன்ஸ்ட் பதவி விலகலை அறிவித்தார். 2025-இல் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது.

இந்தியாவில் நீதிமன்றத்தின் குரல் சற்று மாறியிருக்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிக ஊழியருக்கும் உண்டு என்று 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில், குஜராத்தின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு அடிப்படை ஊதிய விகிதத்தையாவது தரும்படி ஆணையிட்டது. ஆசிரியரைத் தெய்வமென்று மேடையில் பாடினால் மட்டும் போதாது என்ற பொருளில் கண்டித்தது.

வேபர் கண்ட இரண்டு பேர்

இப்படி இரண்டு கல்வியாளர்களை அருகருகே நிறுத்தி ஒப்பிட்டவர்களில் மூத்தவர் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர். 1917 நவம்பரில் மியூனிக்கில், அறிவியலைத் தொழிலாகக் கொள்வது பற்றி அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. ஜெர்மானிய பிரிவாட்டோட்சென்ட் சம்பளமில்லாதவர்; ஆனால் அவரை யாரும் எளிதில் நீக்க முடியாது, வேலையும் குறைவு. அமெரிக்க உதவியாளருக்குத் தொடக்கத்திலேயே சம்பளம் உண்டு; ஆனால் பாட பாரம் முதுகை ஒடிக்கும், வேலையும் போகலாம். இந்தத் தொழிலில் யார் மேலே வருவார் என்பதைத் தற்செயலே பெருமளவு தீர்மானிக்கிறது என்றும் வேபர் மறைக்காமல் சொன்னார்.

வேபரின் அளவுகோலைக் கையில் எடுத்தால் தீர்ப்பு கடினமில்லை. ஒருவருக்குச் சுதந்திரம் இருந்தது, சம்பளம் இல்லை. இன்னொருவருக்குச் சம்பளம் இருந்தது, சுதந்திரம் இல்லை. இன்றைய ஹன்னாவுக்கு முறையான சம்பளம் உண்டு, எதிர்காலம் இல்லை. நம் கௌரவ விரிவுரையாளருக்குப் பாதிச் சம்பளம், முழுப் பாரம். சுதந்திரமும் எதிர்காலமும் இரண்டுமே இல்லை. மூன்று பேரின் குறையும் அவர் ஒருவரிடம் சேர்ந்திருக்கிறது. பெயரில் மட்டும் கௌரவம்.

ஜெர்மனி செய்ய வேண்டியது பேராசிரியருக்குக் கீழே நிரந்தர இடங்களை உண்டாக்குவது. தமிழ்நாடு செய்ய வேண்டியது அதைவிட எளிது. இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆண்டுதோறும் குறித்த நாளில் தேர்வு நடத்தி அவற்றை நிரப்ப வேண்டும். அதுவரை, மானியக் குழு வகுத்த 50,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதத்துக்கும் தர வேண்டும். மே மாத ஊதியத்திலிருந்தாவது தொடங்கலாம்.

இல்லாவிட்டால் வரும் ஜூனிலும் கல்லூரி திறக்கும். அதே வகுப்பு, அதே பாடம், அதே ஆசிரியர். நியமன ஆணையில் தேதி மட்டும் மாறியிருக்கும்.