தள்ளுபடியான வழக்கு

ஒரு நாள் காலையில் என் நண்பர் ஒருவர் கையில் ஒரு புட்டியுடன் வந்து சேர்ந்தார். புட்டியில் இருந்தவை நியாஸின் மாத்திரைகள். அதாவது வைட்டமின் பி-3. அவருடைய மூத்த பிள்ளைக்கு மனச்சிதைவு நோய். பத்து வருஷமாக மருந்து சாப்பிட்டு ஒரு மாதிரி அமைதியாக இருக்கிறான். உடம்பு மட்டும் பருத்துக்கொண்டே போகிறது.

"நம்ம ஜனங்களோட ரத்தத்தையே பரிசோதிச்சு இந்த வைட்டமின்லதான் கோளாறுன்னு கண்டுபிடிச்சிருக்காங்களாமே, சார்! இதைக் கொடுத்துட்டு அந்த மாத்திரையை நிறுத்திடலாமா?" என்றார்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கதை எழுதுகிறவனிடம் கேட்டால் அவன் என்ன செய்வான்? புஸ்தகங்களைத் தேடிக்கொண்டு போவான். அப்படிப் போனதில் அகப்பட்ட சரித்திரம் இது.

நியாஸினுக்கு ரஸாயனப் பெயர் நிக்கோடினிக் அமிலம். புகையிலையில் உள்ள நிக்கோடினிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதைத் தயாரித்துவிட்டார்கள். (பொடி போடும் அன்பர்கள் சந்தோஷப்பட வேண்டாம், பொடியில் வைட்டமின் கிடையாது.) பிறகு காஸிமிர் ஃபங்க் என்பவர் அரிசித் தவிட்டிலிருந்தும் அதை எடுத்தார். அவர் தேடியது பெரிபெரி நோய்க்கு மருந்து. அந்த நோய் இதற்கு மசியவில்லை என்றதும் ஒதுக்கி வைத்துவிட்டார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் தென் மாகாணங்களில், மக்காச்சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழைகளைப் பெல்லாக்ரா என்ற நோய் வாட்டிக்கொண்டிருந்தது. தோல் கறுத்து வெடிக்கும், வயிறு போகும், கடைசியில் புத்தி பேதலிக்கும். பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் இந்த நோயாளிகள் ஏராளம். ஜோஸப் கோல்ட்பெர்கர் என்ற டாக்டர் ஜார்ஜியா மாகாண ஆஸ்பத்திரியில் சாப்பாட்டை மாற்றிப் பார்த்தார். பாலும் இறைச்சியும் பயறும் உள்ளே போனதும் நோய் விலகியது. ஆனால் அந்த ஆகாரத்தில் இருந்த வஸ்து எது என்று அறியாமலே அவர் 1929-இல் காலமானார். 1937-இல் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் கான்ராட் எல்வேஜெம் என்பவர் நாய்களுக்கு வரும் இதே மாதிரி நோயை வைத்து விடை கண்டார். ஃபங்க் ஒதுக்கிவைத்த அதே நிக்கோடினிக் அமிலந்தான்! மனிதர்களுக்குக் கொடுத்தபோது, பிதற்றிக்கொண்டிருந்தவர்கள் சில தினங்களில் தெளிந்து பேசினார்கள்.

ஒரு பைத்தியத்தைத் தெளிவித்த வைட்டமின் இன்னொரு பைத்தியத்தைத் தெளிவிக்காதா? கனடாவின் சாஸ்காச்சுவான் மாகாணத்தில் ஆப்ரம் ஹாஃபர், ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற இரண்டு டாக்டர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்தது. தினம் பதினைந்து மில்லிகிராம் போதுமான வைட்டமினை, 1952 முதல், மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கிராம் கணக்கில் கொடுத்தார்கள். குணம் தெரிகிறது என்று 1957-இல் எழுதினார்கள். இதற்கு நடுவே, ரத்தத்தில் கொழுப்பை அது குறைப்பதையும் ஹாஃபர் வேறு இருவருடன் சேர்ந்து 1955-இல் கண்டார். அந்த உபயோகத்தை உலகம் ஏற்றுக்கொண்டது. மனோவியாதி விஷயத்தில் மட்டும், மற்ற டாக்டர்கள் செய்த பரிசோதனைகளில் பலன் காணவில்லை. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழு வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஹாஃபர் 2009-இல் இறக்கும்வரை விட்டுக் கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதக்காரர்மேல் எனக்கு ஓர் அனுதாபம் உண்டு. ஆனால் அனுதாபம் சாட்சியாகாதே!

ஒரு சங்கதி மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. நியாஸினை அதிகமாகச் சாப்பிட்டால் முகம் குப்பென்று சிவந்து எரியும். மனச்சிதைவு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சிவப்பு சரியாக வருவதில்லை.

பிறகு மரபணு ஆராய்ச்சி வந்தது. 2014-இல் 37,000 நோயாளிகளையும் 1,13,000 மற்றவர்களையும் ஒப்பிட்டு, மனச்சிதைவோடு சம்பந்தமுள்ள 108 இடங்களைக் குறித்தார்கள். அவற்றில் ஒன்று, 1952 முதல் வந்த மனச்சிதைவு மருந்துகள் போய் ஒட்டிக்கொள்ளும் டோபமைன் ஏற்பியின் மரபணு. தற்செயலாகக் கண்ட மருந்துகளின் முகவரி ஜாபிதாவில் இருக்கிறது; அப்படியானால் மற்ற முகவரிகளுக்கும் பொருந்தும் பழைய மருந்துகள் கடை அலமாரியிலேயே இருக்கலாம் அல்லவா? ஆனால் அந்த ரத்தம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாருடையது.

இங்கேதான் சென்னை வருகிறது. 1984-இல் ஆரம்பித்த 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து சர்வகலாசாலையும் சேர்ந்து நம் பக்கத்துக் குடும்பங்களின் ரத்தத்தைச் சேகரித்தன. சுமார் 3,000 பேர். 2019-இல் முடிவு வந்தது: எட்டாவது குரோமோசோமில் ஓர் இடம், அங்கே உள்ள மரபணு, நியாஸினை உடம்புக்குப் பயன்படும்படி மாற்றும் நொதிக்கு உரியது!

நண்பரை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். 1973-இல் தோற்றது, எல்லா நோயாளிகளையும் ஒரே கூட்டமாக வைத்துப் பார்த்த பரிசோதனை. ஒரு சிலருக்கு மட்டும் பலன் இருந்திருந்தால் கூட்டத்தில் அது மறைந்திருக்கலாம். ஆனால் மாற்றும் நொதியே சோர்ந்திருந்தால், வைட்டமினை மேலும் மேலும் கொட்டி என்ன பிரயோஜனம் என்றும் கேட்கலாம். மூவாயிரம் பேர் சிறிய தொகை. மரபணு காட்டியது வழியைத்தான், மாத்திரையை அல்ல. கிராம் கணக்கில் நியாஸின் தின்றால் ஈரலுக்குக் கெடுதல். பழைய மாத்திரையை நிறுத்தினால் பழைய நோய் திரும்பும்.

"அப்போ இந்தப் புட்டி?"

"டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பு பருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதற்கு மருந்தை மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது."

அவர் புட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வாசல்படி இறங்கும்போது திரும்பி, "அந்த மூவாயிரம் பேருக்கு யாராவது போய் இதைச் சொன்னாங்களா, சார்?" என்று கேட்டார்.