வாசலில் தடை, லயத்தில் பாடம்: 2020 சாதனக் கணக்கெடுப்பை லெம்பா பெர்த்தாமிலிருந்து மீண்டும் படித்தல்

பள்ளிக்குள் மாணவர் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்ற மலேசிய விதியைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரு முடிவுக்கு எளிதாக வந்துசேர்கிறார்கள்: தடை ஏழைப் பிள்ளைக்குச் சாதகம். வைத்திருப்பவனும் வைத்திராதவனும் வகுப்பறையில் சமமாகிவிடுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இம்முடிவுக்கு ஆதாரமாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுவது கல்வி அமைச்சு 2020 ஏப்ரலில் வெளியிட்ட சாதனக் கணக்கெடுப்பு. அந்தக் கணக்கெடுப்பு அப்படிச் சொல்லவில்லை என்பதே என் வாதம். கேமரன் மலையின் பள்ளத்தாக்கான லெம்பா பெர்த்தாமையும் அதைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களையும் முன்னிறுத்திப் படித்தால், பள்ளி வாசலில் உள்ள தடையும் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் இரவு நேரத்தில் நடக்கும் பாடமும் ஒரே ஏற்பாட்டின் இரு பாதிகள் என்பது விளங்கும்.

கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-இல் நடப்புக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் வெளிவந்த கணக்கு அது. ஏறக்குறைய 6 இலட்சத்து 70 ஆயிரம் பெற்றோர், 8 இலட்சத்து 93 ஆயிரம் மாணவர்களைப் பற்றிப் பதில் தந்திருந்தனர். 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை. ஏறக்குறைய 46 விழுக்காட்டினரிடம் திறன்பேசி. 9 விழுக்காட்டினரிடம் மடிக்கணினி. மேசைக் கணினியும் தட்டைக் கணினியும் தலா 6 விழுக்காட்டை ஒட்டி. ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது முதல் எண்ணை மட்டும்தான். 36.9 என்பது ‘இல்லாதோர்’, மீதி ‘உள்ளோர்’ என்று ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டை வைத்தே பிறகு கொள்கையும் எழுதப்பட்டது.

நான் இரண்டாவது எண்ணில்தான் நின்று பார்க்கிறேன். இந்த விழுக்காடுகளைக் கூட்டிப் பாருங்கள்: நூறைச் சற்றே தாண்டுகின்றன. ஒரே பிள்ளை இரண்டு மூன்று வகைச் சாதனங்களில் எண்ணப்பட்டிருந்தால் கூட்டுத்தொகை நூறை வெகுவாகத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை. அப்படியானால் திறன்பேசி உள்ளவர் என்று எண்ணப்பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று கொள்வதே பொருத்தம்.

அடுத்தது, எண்ணப்பட்ட அலகு. மூன்று பெற்றோருக்கு நான்கு பிள்ளைகள் என்ற விகிதத்தில் பதில்கள் வந்துள்ளன. ஒரு வீட்டில் ஒரு கைப்பேசியும் பள்ளி செல்லும் பிள்ளைகள் மூவரும் இருந்தால், அந்த ஒரு கைப்பேசி மூன்று ‘உள்ளோரை’ உண்டாக்கிவிடும். தாயும் தந்தையும் தனித்தனியே பதில் தந்த வீடுகளும் இருக்கலாம் என்று ஒருவர் எச்சரிக்கலாம். சரிதான், ஆனால் அப்போது வீடுகளின் எண்ணிக்கை இன்னும் குறைந்து, ஒரு வீட்டுக்குரிய பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். எச்சரிக்கையும் என் பக்கமே சாய்கிறது. கணக்கெடுப்பு மாணவரை எண்ணியது. கைப்பேசியோ வீட்டுக்கு உரியது. ‘மாணவரின் தனிப்பட்ட சாதனம்’ என்ற வகையை நடுத்தர வர்க்கத்து வீட்டிலிருந்து எடுத்து நாடு முழுவதற்கும் விரித்ததில்தான் பிழை தொடங்குகிறது.

தோட்டத்தில் இதன் பொருள் என்ன? கேமரன் மலையில் ஜே. ஏ. ரசல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் இன்றுவரை அங்கே நாளை வகுப்பது வேலைக்காட்டின் நேரம். கொழுந்து எடுக்கப் போகிற தாய் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டுதான் போவாள். மழைக்குப் பயந்து அதை நெகிழிப் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள். பொழுது சாய்ந்து அவள் வீடு திரும்பும்போதுதான் கைப்பேசியும் வீடு திரும்புகிறது. முதலில் அதைச் சார்ஜில் போட வேண்டும். பிறகு வரிசை. படிவம் ஐந்து படிக்கிற அக்காள் முதலில், ஏனென்றால் அவளுக்கு எஸ்.பி.எம். தேர்வு, அடுத்து படிவம் இரண்டு படிக்கிற தம்பி, ஆரம்பப்பள்ளிப் பிள்ளையின் முறை வரும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். சில வேளைகளில் டேட்டாவும் அதற்குள் தீர்ந்திருக்கும். கடைக்குட்டி ஆசிரியர் அனுப்பிய படத்தைத் தாயின் மடியில் சாய்ந்தபடி நோட்டில் பார்த்து எழுதும். தாய் மறுநாள் விடியுமுன் எழ வேண்டும். 36.9 விழுக்காட்டுக்கு வெளியே, ‘உள்ளோர்’ பட்டியலில் இந்த வீட்டுப் பிள்ளைகள் மூவரும் இருக்கிறார்கள்.

அந்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 பிப்ரவரி முதல் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் 1,200 ரிங்கிட். மற்ற இடங்களில் 1,100 ரிங்கிட். கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் கீழ் உள்ள பகுதி, ஆகவே அங்கே 1,100. இரண்டாவது கைப்பேசி வாங்காதது பெற்றோரின் அக்கறையின்மை என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணோடு சற்று நேரம் உட்கார வேண்டும்.

இப்போது விதிக்கு வருவோம். கைப்பேசித் தடை சாய்ந்து நிற்பது 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின் மரபில். அவை எழுதப்பட்ட காலத்தில் பள்ளி என்பது வேலியோடு முடிந்தது. வேலிக்குள் மாணவன் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொன்னால் போதும். இல்லிருப்புக் கற்றல் அந்த வேலியை அகற்றியது. பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னும் அது பழைய இடத்துக்கு முழுமையாகத் திரும்பவில்லை: வீட்டுப்பாடம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வருகிறது, அறிவிப்பு அங்கே வருகிறது, 2020 ஜூனில் தொடங்கிய, கல்வி அமைச்சின் டெலிமா இணையக் கற்றல் தளத்தில் பயிற்சி காத்திருக்கிறது. கட்டொழுங்கு ஆசிரியர் காலையில் பையைச் சோதித்துக் கைப்பேசியைப் பறிமுதல் செய்கிறார். அதே பள்ளி மாலையில் கைப்பேசி இல்லாமல் முடிக்க முடியாத வேலையைக் கொடுக்கிறது. இரண்டையும் தனித்தனியாக ஆராய்ந்ததால்தான் தடை சமத்துவம் தருவதாகத் தோன்றியது. சேர்த்துப் பார்த்தால், பள்ளியின் மின்னியல் வேலை முழுவதும் தோட்டத்து வீட்டின் இரண்டு மணி நேரத்துக்குள் தள்ளப்படுவது தெரிகிறது.

தடையே தவறு என்பது என் கருத்தன்று. இங்கிலாந்துப் பள்ளிகளில் தடைக்குப் பின் பின்தங்கிய மாணவரின் மதிப்பெண்களே மிகுதியாக உயர்ந்தன என்று பலரும் அறிந்த ஆய்வொன்று காட்டியது. அதை நான் மறுக்கவில்லை. யுனெஸ்கோவின் கணக்குப்படி 2024 இறுதிக்குள் உலகக் கல்வி அமைப்புகளில் 40 விழுக்காட்டை ஒட்டியவை ஏதோ ஒரு வகைத் தடைக்கு வந்துவிட்டன. வகுப்பறையில் கைப்பேசி கவனத்தைச் சிதைக்கிறது என்பதற்கு இனியும் சான்று தேட வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு: மாணவனைக் கட்டுப்படுத்தும் விதி பள்ளியை ஏன் கட்டுப்படுத்தவில்லை?

மடிக்கணினி கொடுத்தாயிற்றே என்பது வழக்கமான மறுப்பு. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட செர்டிக் திட்டம் 15 கோடி ரிங்கிட்டில் 500 பள்ளிகளின் 1,50,000 மாணவர்களை இலக்காகக் கொண்டது. நாட்டின் மாணவர் தொகை 50 இலட்சத்தை ஒட்டியது. இதற்கு மேல் பதில் தேவையில்லை. இப்போது எல்லாரிடமும் கைப்பேசி வந்துவிட்டது என்ற மறுப்பும் அப்படியே: வீட்டுக்கு ஒன்று வருவதும் பிள்ளைக்கு ஒன்று வருவதும் ஒன்றல்ல.

ஒரு மறுப்பை மட்டும் அப்படித் தள்ள முடியாது. அது லெம்பா பெர்த்தாமுக்கே உரியது. 2013 அக்டோபர் 23 அதிகாலை சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் இந்தப் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளமாகப் பாய்ந்து வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. அணைக்குக் கீழே வாழும் பெற்றோர் பிள்ளையிடம் கைப்பேசி இருக்கட்டும் என்று கேட்டால் அது செல்லம் கொடுப்பதாகாது. மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால், ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ படிக்கும் பிள்ளை எங்கே நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் அபாய எச்சரிக்கையைப் பிள்ளையின் பைக்குள் வைப்பது அணையின் பொறுப்பைக் குடும்பத்தின் மேல் இறக்கிவைப்பதாகும். பள்ளி அலுவலகத்தில் எப்போதும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசியும், மழைநாளில் பேருந்து புறப்படாவிட்டால் பெற்றோரை அழைத்துச் சொல்லும் பொறுப்புள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால் இந்தத் தேவை நிறைவேறும். அவை இல்லாத பள்ளி கைப்பேசியைப் பறிக்கும் உரிமையை எங்கிருந்து பெறுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2026 முதல் தடுக்கப்போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. ‘ஒரு ஆளுக்கு ஒரு கைப்பேசி’ என்ற அதே அனுமானம் இங்கேயும் தென்படுகிறது. தாயின் பெயரில் உள்ள கணக்கை மூன்று பிள்ளைகள் மாறி மாறித் திறக்கும் வீட்டில் வயதுச் சோதனை யாருடைய வயதைச் சோதிக்கும்?

ஆகவே கைப்பேசித் தடையோடு சேர்த்து எழுதப்பட வேண்டிய உட்பிரிவு ஒன்று உண்டு: கைப்பேசியில்லாமல் செய்ய முடியாத வேலை எதையும் பள்ளி வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அத்தகைய வேலை இருந்தால் அது பள்ளி நேரத்துக்குள், பள்ளியின் கணினியில் நடக்க வேண்டும். அமைச்சு அடுத்த முறை கணக்கெடுக்கும்போது, சாதனம் உண்டா இல்லையா என்பதோடு, அது எத்தனை பிள்ளைகளுக்குப் பொது, எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்கிறது என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும்.