எட்டு வாக்குகளும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்பவர்கள், வழியில் ஓர் எல்லையைக் கடப்பதை இன்று பெரும்பாலும் உணர்வதில்லை. 1954 வரை நிலைமை வேறு. அன்று இவ்விரு ஊர்களும் இந்தியாவின் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. புதுச்சேரியோ பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுப் பகுதி ஒரே நிலப்பரப்பாகவும் இல்லை. தென்னார்க்காட்டுக் கிராமங்களுக்கு இடையிடையே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடந்தது. எல்லையில் சுங்கச் சாவடிகள் இருந்தன.

இந்த எல்லை எவ்வாறு மறைந்தது? புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த கீழூர் என்னும் சிற்றூரில், 1954 அக்டோபர் 18ஆம் நாள், புதுவை, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் கூடினர். பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களுமாக அவர்கள் 178 பேர். இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று 170 பேர் வாக்களித்தனர். வேண்டாம் என்று 8 பேர் வாக்களித்தனர். அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவின் கைக்கு வந்தது.

அந்த 170 பேரின் முடிவு வரலாறு ஆயிற்று. மற்ற எட்டுப் பேர் செய்ததற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. அதுவே ‘டிசென்ட்’ என்பது. இச்சொல்லின் பொருளையும் பிறப்பையும் சற்று ஆராய்வோம்.

இது இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். ‘சென்டிரே’ என்றால் உணர்தல், கருதுதல் என்று பொருள். ‘டிஸ்’ என்னும் முன்னொட்டு ‘பிரிந்து’, ‘வேறாக’ என்னும் பொருளைத் தரும். ஆகவே டிசென்ட் என்றால் ‘வேறாக உணர்தல்’ என்று ஆகிறது. நம் திரைப்பட விமர்சனங்களில் அடிபடும் ‘சென்டிமென்ட்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநர் தரும் இசைவு ‘அசென்ட்’. அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளி தரும் சம்மதம் ‘கன்சென்ட்’. இவையும் அதே குடும்பம். இசைவுக்கும் மறுப்புக்கும் ஒரே வேர்ச்சொல் அமைந்திருப்பது கருதத்தக்கது.

நம் பேச்சு வழக்கில் உள்ள ‘தகராறு’ என்னும் சொல்லை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது அரபு மொழியில் ‘திரும்பத் திரும்பக் கூறுதல்’ எனப் பொருள்படும் ‘தக்ரார்’ என்னும் சொல்லிலிருந்து, உருதுவின் வழியே தமிழுக்கு வந்தது. இருவரும் ஒன்றையே மீண்டும் மீண்டும் சொன்னால் தகராறு. டிசென்ட் அத்தகையது அன்று. தன் கருத்தைக் காரணத்தோடு கூறி, அதைப் பதிவு செய்துவிட்டு, பெரும்பான்மையின் முடிவு நடைமுறைக்கு வருவதை ஏற்பதே அதன் இலக்கணம்.

இந்த மதிப்பு அச்சொல்லுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையின் வழிபாட்டு முறையை ஏற்காத கிறிஸ்தவர்களை ‘டிசென்டர்கள்’ என்று அழைத்தனர். 1662ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் அவர்களுள் ஏறத்தாழ 2,000 குருமார்கள் பதவி இழந்தனர். 1689இல்தான் தனியே கூடி வழிபடும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அவர்கள் பட்டம் பெற இயலவில்லை. எனவே தங்களுக்கென்று கல்விக்கூடங்களை நிறுவிக்கொண்டு, அங்கே புதிய அறிவியலைக் கற்பித்தனர். உயிர்வளியைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லி அத்தகைய கல்விக்கூடம் ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். அணுக்கொள்கையைத் தந்த ஜான் டால்டனும் இப்பிரிவினரைச் சேர்ந்தவரே. 1791இல் பர்மிங்காம் நகரில் ஒரு கும்பல் பிரீஸ்ட்லியின் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் அழித்தது. மாறுபட்டுச் சிந்திப்பவரை ஒடுக்கும்போது அவருடைய அறிவின் பயனும் சேர்ந்தே அழிகிறது என்பதற்கு இது சான்று.

இன்று இச்சொல் மிகுதியாக வழங்கும் இடம் நீதிமன்றம். நீதிபதிகள் பலர் ஒரு வழக்கை விசாரிக்கும்போது, பெரும்பான்மையோடு உடன்படாதவர் தம் மாறுபட்ட தீர்ப்பைத் தனியே எழுதலாம். நெருக்கடி நிலைக் காலத்தில், விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாட இயலுமா என்ற வினா எழுந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் இயலாது என்றனர். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் இயலும் என்று எழுதினார். அடுத்த ஆண்டு, பணிமூப்பில் அவருக்குப் பின்னிருந்தவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். ஆனால் 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறென்று ஒதுக்கி, கன்னாவின் கருத்தே சரியானது என்றது. 1976இல் தோற்ற கருத்து எழுத்தில் இருந்ததால்தான் 41 ஆண்டுகளுக்குப் பின்னும் அதை எடுத்துக்காட்ட முடிந்தது.

அப்படியானால் கீழூரில் மாறுபட்ட எண்மரின் கருத்தும் சரியானதுதானா என்று நீங்கள் கேட்கலாம். மாறுபட்ட கருத்துகள் எல்லாம் பின்னர் சரியென்று ஆவதில்லை. புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது. அந்த இணைப்பு நிலைத்துவிட்டது. எனினும் அந்த 8 வாக்குகள் ஒரு பெரும் பணியைச் செய்தன. மறுப்பதற்கு இடம் இருந்த அவையில் பெறப்பட்ட சம்மதம் என்னும் தகுதியை அவை 170 வாக்குகளுக்கு அளித்தன. மறுக்க இயலாத இடத்தில் தரப்படும் சம்மதத்துக்கு மதிப்பில்லை அல்லவா?

இந்த உரிமை வாக்கெடுப்போடு முடிந்துவிடவும் இல்லை. இந்தியாவும் பிரான்சும் 1956 மே 28இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அம்மண்ணில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்து, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம். மண் இந்தியாவுடன் இணைந்த பின்னும், ‘நான் வேறாக உணர்கிறேன்’ என்று தனி மனிதர் ஒருவர் சொல்ல அது வழிவிட்டது. அவ்வாறு பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துவிட்ட குடும்பங்கள் இன்றும் புதுச்சேரியில் வாழ்கின்றன.

மாணவர்களே, உங்கள் மன்றக் கூட்டங்களிலும் தீர்மானங்கள் நிறைவேறும். நடவடிக்கைக் குறிப்பேட்டில் ‘ஒருமனதாக நிறைவேறியது’ என்று எழுதும் முன், உடன்படாதவர் எவரேனும் உளரா என்று கேளுங்கள். ஒருவர் இருந்தாலும், அவர் கூறும் காரணத்தை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். டிசென்ட் என்னும் சொல்லின் முழுப்பொருளை அந்த இரண்டு வரிகளில் நீங்கள் கற்றுக்கொள்ளலாம்.