கார் டப்பாவுக்குள் வந்த பசை

போன வாரம் என் மேஜையில் பாதி ஒட்டி வெச்சிருந்த பிளாஸ்டிக் கார் மாடலை ஃபோட்டோ எடுத்துப் போட்டிருந்தேன். "டாக்டருக்கு இதுக்கெல்லாம் நேரம் இருக்கா?"ன்னு பாதிப் பேர். "அந்தப் பசை நெடி உடம்புக்கு ஆகுமா சார், என் பையனுக்கு வாங்கித் தரலாமா?"ன்னு மீதிப் பேர். ரெண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரலை. அதுக்குப் பின்னாடி அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட கதை ஒண்ணு இருக்கு. நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க. 👇

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இதில் சில இடங்களில் "எப்படிச் செய்தார்கள்" என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கேன். ஏன்னு படிக்கப் படிக்கத் தெரியும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த அமெரிக்கா. டெட்ராய்ட் பக்கம் 1948-ல் ஒரு வக்கீல் சின்னதா ஒரு கம்பெனி ஆரம்பிச்சார். அலுமினியம் மாடல் டாய்ஸ், சுருக்கமா ஏ.எம்.டி. ஃபோர்டு காரை அப்படியே சுருக்கி அலுமினியத்தில் வார்த்து, ஃபோர்டின் சொந்த பெயின்ட்டையே அடிச்சுக் கொடுத்தாங்க. சீக்கிரமே பிளாஸ்டிக்குக்கு மாறிட்டாங்க. பேரில் மட்டும் அலுமினியம் தங்கிடுச்சு.

இதெல்லாம் கடையில் விற்கிற பொம்மை இல்லை. கார் ஷோரூமுக்கானது. அப்பா புது கார் பார்க்க வருவார், கூட வந்த பையன் கையில் அதே மாடல், அதே கலர்ல குட்டிக் கார். வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் குட்டிக் கார் சும்மா இருக்காது, அப்பாவை நச்சரிச்சுட்டே இருக்கும். மார்க்கெட்டிங் ஆளுங்க அன்னைக்கே இவ்வளவு யோசிச்சிருக்காங்க! ஆரம்பத்தில் பயன்படுத்தின அசிடேட் பிளாஸ்டிக் மட்டும் ஒரு தொல்லை. வருஷம் போகப் போக வளைஞ்சு, வெயிலில் வெச்ச அப்பளம் மாதிரி ஆயிடும். பழைய மாடல் சேகரிக்கிறவங்க வளையாத ஒண்ணு கிடைச்சா இன்னைக்கும் புதையல் மாதிரி கொண்டாடுவாங்க. பிறகு பாலிஸ்டைரீன் வந்தது. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1951-ல் ரெவெல் கம்பெனி பழங்காலக் கார்களை ஒட்டிக்கட்டும் கிட்டாகக் கொண்டு வந்தது. நல்லா வித்தது. ஆனால் பையன்களைப் பைத்தியமா அடிச்சது 1958. ஏ.எம்.டி அந்த வருஷம் தன் ஷோரூம் மாடல்களையே ஒட்டாமல், துண்டு துண்டாக ஒரு டப்பாவில் போட்டு விற்க ஆரம்பிச்சது. ஒரே டப்பாவில் மூணு வழி: கம்பெனி கார் மாதிரியே கட்டலாம், உங்க இஷ்டத்துக்கு அலங்காரம் பண்ணலாம், இல்லைன்னா ரேஸ் கார் ஆக்கலாம். அளவு 25-ல் 1 பங்கு. அஞ்சு மீட்டர் கார் இருபது சென்டிமீட்டராகி மேஜையில் நிற்கும். ஒவ்வொரு வருஷமும் டெட்ராய்ட்டில் புது கார் வர வர, கூடவே புது கிட்டும் வரும். நிஜக் கார்களை அலங்கரிச்சுப் பேர் வாங்கின ஜார்ஜ் பாரிஸ் மாதிரி ஆட்களையே கூப்பிட்டு யோசனை கேட்டாங்க.

பன்னிரண்டு வயசுப் பையனுக்கு இது என்ன கொடுத்திருக்கும்னு கட்டிப் பார்த்தால்தான் தெரியும். எஞ்சின் பிளாக்கை ரெண்டு பாதியா ஒட்டணும். அது காயும் வரை கையைக் கட்டிட்டு உக்காரணும். பிறகுதான் கார்புரேட்டர். ஷாஃப்ட் எங்கே போகுது, ஆக்சில் எங்கே மாட்டுது, எல்லாம் கை வழியா மூளைக்கு ஏறும். நான் அனாடமி படிச்சப்போ எலும்புகளைக் கையில் வெச்சு உருட்டித்தான் கத்துக்கிட்டேன், புத்தகத்தில் இல்லை. அதே கதை.

இப்போ பசைக்கு வர்றேன்.

நாம சாதாரணமா பசைன்னா ரெண்டு பொருளுக்கு நடுவில் ஒட்டிக்கிற மூணாவது பொருள்னு நினைப்போம். மாடல் பசை அப்படி இல்லை. அதில் இருக்கும் கரைப்பான், அன்னைக்கு முக்கியமாக டொலுயீன், பாலிஸ்டைரீனின் மேல்பரப்பையே இளக்கிடும். ரெண்டு துண்டையும் சேர்த்துப் பிடிச்சா, இந்தப் பக்கத்து மூலக்கூறு இழையும் அந்தப் பக்கத்து இழையும் பின்னிக்கும். கரைப்பான் ஆவியாகிப் போயிடும். மிச்சம் இருப்பது ஒரே பிளாஸ்டிக். வெல்டிங்னு சொல்லணும். எலும்பு முறிவில் மாவுக்கட்டு வெளியிலிருந்து பிடிக்குது, ஆனால் கடைசியில் எலும்பே எலும்போடு கூடணும் இல்லையா, அந்த மாதிரி. (நான் முதல் காருக்கு அவசரத்தில் இன்ஸ்டன்ட் பசையைத் தடவினேன். முன் கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்து, முத்தின கேட்டராக்ட் மாதிரி ஆயிடுச்சு. அதையும் தூக்கிப் போடாம அலமாரியில் வெச்சிருக்கேன்.)

பிளாஸ்டிக்கைக் கரைக்கிற அதே குணம்தான் பிரச்சினை. கொழுப்பில் எளிதில் கலக்கும் எதுவும் மூளைக்குள்ளும் எளிதில் போகும். மூளையிலும் கொழுப்பு நிறைய இருக்கே. மூடின அறையில் தலை சுத்தும், கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருக்கும். சில பசங்க அதைக் கண்டுபிடிச்சாங்க.

1959 ஆகஸ்ட். டென்வர் போஸ்ட் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை. டூசான், ப்யூப்லோ மாதிரி வேறு ஊர்களில் பசங்க மாடல் பசையை முகர்ந்து போலீஸில் மாட்டினாங்கன்னு. நல்லெண்ணத்தில் எழுதியதுதான், பெற்றோரே உஷார் என்கிற ரகம். என்ன பசை, எப்படி, எப்படி இருக்கும் என்பதெல்லாம் அந்த எச்சரிக்கையிலேயே அடக்கம்.

அப்புறம் டென்வரிலேயே கேஸ்கள் வர ஆரம்பிச்சுது. மற்றப் பத்திரிகைகள் எடுத்தன. ஊருக்கு ஊர் அதே வரிசை: முதலில் எச்சரிக்கைச் செய்தி, பின்னாடியே பசங்க. 1962-லிருந்து நகரங்கள் தடைச் சட்டம் போட்டன, பிறகு மாநிலங்கள். சில சட்டங்களில் ஒரு வேடிக்கையான விலக்கு உண்டு: பதினெட்டு வயசு ஆகாதவனுக்குப் பசையைத் தனியா விற்கக்கூடாது, மாடல் கிட்டோடு சேர்த்து வாங்கினா விற்கலாம்! சட்டம் எழுதினவர் வீட்டிலும் ஒரு பையன் கார் கட்டிட்டு இருந்திருப்பான் போல.

இந்த வரிசையைத் தோண்டி எடுத்து எழுதினவர் எட்வர்ட் பிரெச்சர் என்ற மருத்துவப் பத்திரிகையாளர். 1972-ல் அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்றின் வெளியீடாக அவர் எழுதின போதைப்பொருள் புத்தகத்தில், நாடு தழுவிய போதை ஆபத்தை உருவாக்குவது எப்படி என்கிற பொருளில் ஓர் அத்தியாயத்துக்கே தலைப்பு வெச்சார். கிண்டல்தான். அவர் வாதம்: டென்வரில் இல்லாத பழக்கத்தை அந்த எச்சரிக்கைதான் கொண்டு வந்து சேர்த்தது.

எனக்கு அவரோடு முழுச் சம்மதம் இல்லை. பத்திரிகை எழுதாட்டியும் டூசான் பையனுக்குத் தெரிஞ்சது டென்வர் பையனுக்கு ஒருநாள் தெரிஞ்சிருக்கும். வீட்டில் என்ன நடந்தது, பள்ளியில் என்ன நடந்ததுன்னு யாரும் கேட்காத பசங்கதான் எந்த ஊரிலும் இதில் விழறாங்க. அதைச் செய்தித்தாள் உண்டாக்கலை. ஆனால் செய்முறையை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்தது அவங்கதான், அதை மறுக்க முடியாது. நம்ம ஆட்களும் சும்மா இல்லை. டாக்டர்கள் பேட்டியில் அறிகுறிகளை வரிசையா அடுக்குவாங்க. முதல் அறிகுறியே "உற்சாகம், மிதக்கும் உணர்வு". பதினாலு வயசுப் பையன் காதில் இது எப்படி விழும்?

தீர்வு ஒரு வழியா பசைக் கம்பெனியிலிருந்தே வந்தது. டெஸ்டர். ஸ்வீடனிலிருந்து அமெரிக்கா வந்த நில்ஸ் டெஸ்டர் 1929-ல் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் தொடங்கினது. அமெரிக்கப் பையன்களின் மேஜையில் டெஸ்டர் டியூப் இல்லாத வீடு அபூர்வம். 1969-ல் அவங்க பசையில் கடுகெண்ணெய் கலந்தாங்க. நாம தாளிக்கிற எண்ணெய் இல்லை, அல்லைல் ஐசோதயோசயனேட். கடுகை நசுக்கினதும் அதிலிருந்து கிளம்பி மூக்கில் சுர்ருன்னு ஏறுமே, அந்தச் சரக்கு.

இதில் ஒரு டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இருக்கு. வாசனை என்பது முகர்வு நரம்பின் வேலை. அது சீக்கிரம் பழகிப் போயிடும். மீன் மார்க்கெட்டில் பத்து நிமிஷம் நின்னா நாத்தம் தெரியாது. நெடி வேற. அது முகத்துக்கு வரும் டிரைஜெமினல் நரம்பின் வேலை, உண்மையில் ஒரு வகை வலி. வலிக்கு அவ்வளவு சுலபமா பழக முடியாது. தமிழில் வாசனைக்கும் நெடிக்கும் தனித்தனிச் சொல் இருக்கு பாருங்க, உடற்கூறு தெரிஞ்சு வெச்ச மாதிரியே. ஒரு துளி தொட்டுக் கதவை ஒட்டுற பையனுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. முகர்ந்து இழுக்கிறவனுக்கு மட்டும் மூக்கும் கண்ணும் எரியும். பிரசங்கமே இல்லாத எச்சரிக்கை.

மாடல் பசைக்கு இது உதவியது. பிரச்சினை தீர்ந்துச்சான்னு கேட்டா, இல்லை. அடுத்த வருஷமே, 1970-ல், மில்லர்ட் பாஸ் என்பவர் ஜாமா மருத்துவ இதழில் 110 இளைஞர்களின் திடீர் மரணங்களைத் தொகுத்து வெளியிட்டார். கரைப்பான்களையும் ஸ்ப்ரே வாயுக்களையும் முகர்ந்தவர்கள். மூச்சுத் திணறி இல்லை, இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்னு போனவங்க. அதில் அதிகம் அடிபட்டது மாடல் பசை இல்லை. வீட்டுக்குள் சாதாரணமாக இருக்கும் ஸ்ப்ரே டப்பாக்களின் வாயுவும், கறை எடுக்கும் டிரைகுளோரோஈத்தேனும். ஊரே பத்து வருஷம் கார் டப்பாவை முறைச்சுப் பார்த்துட்டு இருந்தப்போ, ஆபத்து குளியலறை அலமாரியில் உக்காந்திருந்தது.

மாடல் தொழில் பிறகு வேறு காரணங்களால் தேய்ஞ்சது. எண்ணெய் விலை, வீடியோ கேம், கைமாறின கம்பெனிகள். அது இன்னொரு த்ரெட்.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கே மாடல் கிட் பரவலா வரவே இல்லை. வந்த கொஞ்சமும் விலை எட்டாத உயரம். ஆனால் கரைப்பான் வந்துச்சு. பஞ்சர் சொல்யூஷன், ஒயிட்னர், தின்னர். 2012-ல் மத்திய அரசு பாட்டில் ஒயிட்னரையும் தின்னரையும் சில்லறையில் விற்கத் தடை போட்டது இதனால்தான். டெட்ராய்ட் பையனுக்குப் பசையோடு ஒரு காராவது கிடைச்சது.

கொஞ்ச வருஷம் முன்னாடி என் வார்டுக்கு ஒரு பையன் வந்தான். (விவரங்களை மாத்தியிருக்கேன்.) காலையில் எழுந்திரிக்க முடியலை, கை கால் துவண்டு போச்சு. பக்கவாதம்னு பயந்து தூக்கிட்டு வந்தாங்க. பொட்டாசியம் 1.9. ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கு. டொலுயீன் உடம்பில் உடைஞ்சு வர்ற அமிலம் சிறுநீரில் வெளியே போகும்போது பொட்டாசியத்தையும் கூட்டிட்டுப் போயிடும். சட்டையை மோந்து பார்த்தேன், அவ்வளவுதான். டிரிப்பில் பொட்டாசியம் ஏத்தினோம், ரெண்டு நாளில் நடந்தான். அவனுக்கு அதிர்ஷ்டம். பல வருஷம் தொடர்ந்தவங்களுக்கு நரம்பிழை மேல இருக்கிற மையலின் உறை, ஒயர் மேல இருக்கிற ரப்பர் மாதிரி, அரிச்சுப் போயிடும். அது டிரிப்பில் திரும்பாது.

அந்த வேகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசப் போனேன். பொருட்களை ஒண்ணொண்ணா பேர் சொல்லி, படம் போட்டு, முக்கால் மணி நேரம். கைத்தட்டல். முடிஞ்சதும் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் பக்கத்தில் வந்து, "சார், நாலாவதா காட்டினீங்களே, அது ஸ்டேஷனரி கடையிலயே கிடைக்குமா?"ன்னான். குறும்பா கேட்டானா, அப்பாவியா கேட்டானா, இன்னைக்கு வரைக்கும் தெரியலை. பிரெச்சரின் அத்தியாயத்தை நான் படிச்சது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். படிக்கும்போது அந்தப் பையன் முகம்தான் வந்துச்சு. என் பழைய ஸ்லைடுகளை அன்னைக்கு ராத்திரியே அழிச்சேன். இப்பல்லாம் பசங்களிடம் பொருள் பேர் சொல்றதில்லை. பேரும் அடையாளமும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் தனியா: துணியில் தின்னர் நெடி, வாயைச் சுத்திப் புண், காரணமில்லாத சோர்வு, காலியான டியூபுகள். தெரிஞ்சா அடிக்காதீங்க, கூட்டிட்டு வாங்க. போதை மீட்பு உதவிக்கு 14446, இலவச எண்.

சரி, முதல் கேள்வி. பையனுக்கு மாடல் வாங்கித் தரலாமா?

தாராளமா. பொண்ணுக்கும் வாங்கிக் கொடுங்க. பத்து வயசுக்குள்ளன்னா பசையே வேண்டாத, அழுத்தினா மாட்டிக்கிற கிட் கிடைக்குது. பெரிய பசங்களுக்கு ஆரஞ்சுத் தோல் எண்ணெயான லிமோனின் கலந்த பசை இருக்கு, அதில் டொலுயீன் இல்லை. எதுவானாலும் ஜன்னல் திறந்திருக்கணும், ஃபேன் ஓடணும், வேலை முடிஞ்சதும் மூடியைத் திருகணும். முதல் காரை நீங்களும் பக்கத்தில் உக்காந்து கட்டுங்க. முன் கண்ணாடிக்கு மட்டும் இன்ஸ்டன்ட் பசை வேண்டாம்.