கைக்குழந்தையோடு போன சுதந்திர தினம்

1947 ஆகஸ்ட் 15 அன்று நேரு செங்கோட்டையில் கொடியேற்றினார் என்று எந்த வினாடி வினாவிலாவது கேள்விப்பட்டால் தைரியமாக மறுத்துச் சொல்லுங்கள். அவர் செங்கோட்டையில் ஏற்றியது மறுநாள், ஆகஸ்ட் 16 காலையில்தான்! அப்படியானால் 15-ஆம் தேதி டில்லி ஜனங்கள் கொடி பார்க்க எங்கே போனார்கள்?

இந்தியா கேட் பக்கத்தில் இருக்கும் பிரின்சஸ் பார்க் மைதானத்துக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே பொதுமக்கள் முன்னிலையில் கொடியேற்றம். நள்ளிரவுப் பேச்சு, தர்பார் ஹாலில் பதவிப் பிரமாணம் என்று மற்ற நிகழ்ச்சிகள் எல்லாமே பெரிய மனிதர்களுக்கானவை. பகலில் ரோஷனாரா தோட்டத்தில் குழந்தைகளுக்கு ஒரு விழா நடந்தது, அது தனி. குடும்பத்தோடு கிளம்பிப் போய்ப் பார்க்கக்கூடிய பெரிய நிகழ்ச்சி என்றால் இந்தக் கொடியேற்றம்தான்.

எனக்கு வரலாற்றுப் புத்தகங்களில் பேச்சுகளை விட இந்த மாதிரிக் கூட்டங்கள்தான் பிடிக்கும். (பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு ஏற்பாடு செய்வதும் எங்கள் பாடம்தானே!)

அந்தக் கணக்கு அன்றைக்குப் படுதோல்வி. முப்பதாயிரம் பேருக்கு என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். வந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்குக் குறையாது, ஆறு லட்சம்கூட இருக்கலாம் என்று மவுண்ட்பேட்டன் தன் அறிக்கையில் எழுதினார். அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். தாத்தா பாட்டி, மருமகள், இடுப்பில் குழந்தை என்று வீட்டோடு கிளம்பி வந்த கூட்டம். நம்ம ஊர்த் தேர்த் திருவிழாவுக்குப் போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மவுண்ட்பேட்டனின் மகள் பமீலாவுக்கு அப்போது 18 வயது. கொடிமரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேடைக்கு அவர் போக வேண்டும். வழியே இல்லை, தரை முழுக்க மனிதர்கள். நேரு அவரிடம், செருப்பைக் கழற்றிவிட்டு ஆட்கள் மேலேயே நடந்து வா என்று சொல்லியிருக்கிறார்! அவரும் அப்படியே போயிருக்கிறார். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வழியனுப்பினார்களாம். பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் தாய்மார்கள், நெரிசலில் நசுங்காமல் இருக்கக் குழந்தைகளை மேலே தூக்கிப் போட்டுப் போட்டுப் பிடித்தார்கள் என்பதும் அவர் சொன்ன விஷயம்தான். படிக்கும்போதே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

குதிரை வண்டியில் வந்த மவுண்ட்பேட்டனால் வண்டியை விட்டு இறங்கவே முடியவில்லை. ராணுவ அணிவகுப்பு கூட்டத்துக்குள் காணாமல் போயிருந்தது. சரி, கொடியை மட்டும் ஏற்றுங்கள் என்று அவர் வண்டியிலிருந்தே நேருவிடம் சொல்ல, கொடி ஏறியது. லேசான மழை, வானத்தில் வானவில். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்!

திரும்பும்போது அந்த வண்டியில் யார் யார் தெரியுமா? நெரிசலிலிருந்து தூக்கி ஏற்றிக்கொண்ட நான்கு பெண்கள், அவர்களுடைய குழந்தைகள், ஒரு பத்திரிகைக்காரர். தன் காருக்குப் போக முடியாத பிரதமர் நேரு, வண்டியின் மடக்கிய கூரை மேல் உட்கார்ந்து வந்தார். அந்தப் பெண்கள் வீட்டில் இதைப் பேரப்பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்!

கல்கத்தாவில் வேறு கூத்து. அங்கே கவர்னராகப் பதவியேற்றவர் நம்ம ராஜாஜி. அன்று ஜனங்கள் கவர்னர் மாளிகைக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். இத்தனை காலம் வெளியிலிருந்து மட்டும் பார்த்த வீடு, உள்ளே எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவார்களா? ஒரு வருடம் முன்பு வெட்டிக்கொண்ட அதே நகரத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே லாரியில் ஏறி ஊர்வலம் போனார்கள். காந்தி அதே ஊரில் பெலியகட்டாவில் ஒரு வீட்டில் உண்ணாவிரதமும் நூற்பும் பிரார்த்தனையுமாக அந்த நாளைக் கழித்தார். விழாவுக்கு வரவில்லை.

அதே நாளில் பஞ்சாபில் லாகூரும் அமிர்தசரஸும் எரிந்துகொண்டிருந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் வீடு விட்டு வீடு போன பிரிவினை அது. டில்லியில் பயமில்லாமல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு இன்னும் சில வாரங்களில் தங்கள் நகரத்திலும் கலவரம் வரப்போகிறது என்று தெரியாது. செப்டம்பரில் வந்தது.

என்னை மிகவும் உறுத்துவது எல்லையோர ஊர்களின் கதை. ராட்க்ளிஃப் போட்ட எல்லைக்கோடு எது என்பதை ஆகஸ்ட் 17-ஆம் தேதிதான் வெளியிட்டார்கள். சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து! அதாவது 15-ஆம் தேதி கொடியேற்றம் பார்க்கப் போன லட்சக்கணக்கான குடும்பங்களுக்குத் தாங்கள் எந்த நாடு என்றே உறுதியாகத் தெரியாது. வங்காளத்தில் முஸ்லிம்கள் அதிகம் இருந்த முர்ஷிதாபாத்தில் அன்று பாகிஸ்தான் கொடி ஏறியது. இந்துக்கள் அதிகம் இருந்த குல்னாவில் இந்தியக் கொடி. அறிவிப்பு வந்ததும் முர்ஷிதாபாத் இந்தியாவுக்கு, குல்னா பாகிஸ்தானுக்கு. ஏற்றிய கொடியை இறக்கிவிட்டு மற்றதை ஏற்ற வேண்டியதாயிற்று. ரங்கமாட்டியில் சக்மா மக்கள் ஏற்றிய இந்தியக் கொடியைச் சில நாள் கழித்துப் பாகிஸ்தான் ராணுவம் வந்து இறக்கியது.

முர்ஷிதாபாத்துக்குப் பக்கத்து மாவட்டம் நதியா. அங்கேயும் இதே குழப்பம்தான். அதனால் அந்த மாவட்டத்தின் சில ஊர்களில் பிற்காலத்தில் ஆகஸ்ட் 18 அன்றும் மூவர்ணக் கொடி ஏற்றிக் கொண்டாடும் பழக்கம் வந்தது. அவர்களுக்குச் சுதந்திரம் மூன்று நாள் தாமதமாக வந்த கணக்கு.